பதினான்குக்கு முந்தின வாரம்

காலை நாலே முக்கால்.
ஆல்ஸ்மேரில் பிப்ரவரிக்கு
விடிவதில் அவசரம் கிடையாது.
ஏலக் கொட்டகைக்குள் மட்டும் பட்டப்பகல்.
ரோஜா ஏறிய தள்ளுவண்டிகள்
ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு.

மாடியில் நான், இரண்டு திரை,
ஆடை படிந்த காபி.
ஆறு மணிக்குக் கடிகாரங்கள் ஓடத் தொடங்கும்.
இங்கே விலை உச்சியிலிருந்து கீழே இறங்கும்;
முதலில் பொத்தானைத் தட்டியவருக்குப் பூ.
பயந்தவர் கூடுதல் கொடுப்பார்,
பொறுத்தவர் வெறுங்கையோடு போவார்.
ஒவ்வொரு தட்டலும் ஒரு துளி,
துளி சேர்ந்து ஓடை,
ஓடைக்கரையில் என் ஆட்கள் எட்டுப் பேர்.

ஆட்கள் என்றா சொன்னேன்?
நிரல்கள்.
வருவதை எண்ணி, வகை பிரித்து,
எந்த வண்டி எந்த லாரிக்கு என்று
கீழே சொல்லி அனுப்புகிறவை.

சாதாரணச் செவ்வாய்க்கு எட்டு தாராளம்.
காதலர் தினத்துக்கு முந்தின வாரம்
எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.
போன வருடம் வரை அதை வீபே சொல்வார்,
எச்சில் தொட்ட விரலைக் காற்றில் நீட்டுகிறவர் போல:
"நாளைக்கு நாற்பது வை."
பல நாள் நாற்பதும் கொட்டாவி விட்டன.
ஒரே ஒரு நாள் போதவில்லை.
இருபது நிமிடம் பின்தங்கியதில்
ஹாம்பர்க் கல்யாணத்துக்குப் போக வேண்டிய லில்லி
லீல் நகரத்து மருத்துவமனை வாசலில் இறங்கியது.

இந்த வருடம் என் விதி.
தேக்கம் ஏறினால் கூட்டு, வடிந்தால் குறை.
சொல்லத்தான் எளிது.
ஜனவரி ஒத்திகையில் அது பேய் பிடித்து ஆடியது:
கூட்டின சூட்டோடு குறைத்தது,
குறைத்த கையோடு கூட்டியது,
வந்தவர் உட்காரவில்லை,
போனவர் படி தாண்டவில்லை,
வேலை மட்டும் அப்படியே கிடந்தது.
பிறகு எழுதினேன்:
கூட்ட முப்பது நொடி போதும்.
குறைக்கப் பத்து நிமிடம் பொறு.
கையிலிருப்பதை முடிக்காமல் ஒருவரையும் அனுப்பாதே.
அனுப்புமுன் அவர் மனதில் இருப்பதையெல்லாம்
எழுதி வாங்கி
அடுத்தவர் கையில் கொடு.

ஆறு பத்து. கோடு நிமிர்ந்தது.
எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு.
தேக்கம் ஒரு மூச்சு நின்று,
யோசித்து, இறங்கியது.
ஏழு மணிக்கு எல்லாரும் ஒரே சிவப்பைக் கேட்டார்கள்.
ஒரு சிவப்பு ஒருவர் பொறுப்பு;
ஐம்பது பேர் இருந்தும்
அந்த ஒருவர் தலையில்தான் அத்தனையும்.
மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.
அந்தச் சிவப்பை நாலாய்ப் பிரித்துக்கொடுத்தேன்.
வீபே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு துண்டு கேக் கொண்டுவந்து வைத்தார்.

பத்தே முக்காலுக்குக் கடிகாரங்கள் நின்றன.
ஐம்பது நாற்பதாகி முப்பதாகி,
ஒவ்வொரு படிக்கும் பத்து நிமிடம்,
ஒரு துளி சிந்தாமல்.

கை நடுக்கம் போகக் கீழே இறங்கினேன்.
ராடோஸ்தினா, பிளெவெனிலிருந்து வந்தவள்,
வண்டிக்கும் வாளிக்கும் நடுவே நின்றிருந்தாள்.
முழங்கை மடிப்பில் இருபது தண்டு.
இன்னொரு கையில் செல்பேசி.
ஏஜென்சியின் செய்தி, இரண்டே சொல்:
நாளை தேவையில்லை.
"உடனேயா?" என்றேன்.
"வந்ததும் இப்படித்தான்," என்று சிரித்தாள்.
பூவை வாளியில் வைத்தாள்.
நாலாயிரத்து நூற்றுப் பதினேழாம் வண்டி
இடப்பக்கம் இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.
சாயங்காலம் அதைத் தள்ளப்போகிறவருக்குத் தெரியாது.
யாரும் எழுதி வாங்கவில்லை.

மேலே வந்து
பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்கினேன்.
ஏன் என்றார் வீபே.
சும்மா என்றேன்.
யாருக்கு அதனால் என்ன?
நாலு காசு வீண்.

ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தம்.
கையுறைகளைப் பையில் திணித்தபடி
பதினோரு பேர், பன்னிரண்டு, பத்தொன்பது.
பேருந்து அரை மணிக்கு ஒன்று,
எத்தனை பேர் நின்றாலும்.